லீவில் போகிறவருக்கும் ஒரு கே.டி.: ப்ராடக்ட் நிறுவனத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

சென்னையில் மென்பொருள் ப்ராடக்ட் நிறுவனங்களை நடத்தும் நிறுவனர்களுக்கும், அங்கே ப்ராடக்ட் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடல் சம்பள உயர்வு கேட்டு அல்ல. வாரம் நான்கு நாள் வேலை கேட்டும் அல்ல. பீன் பேக், மாதமொரு யோகா வகுப்பு, மனநலச் செயலிக்கு ஓராண்டுச் சந்தா எல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், நன்றி. வேலையை விடுபவர் தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கு ஒப்படைப்பதைத்தான் நம் ஆபீஸ்களில் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்கிறோம். அதையொட்டி நான் கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் நிறுவனத்தில் ஒரு ப்ராடக்ட் மேனேஜர் ஐந்து நாள் லீவில் போனால், அந்த ஐந்து நாளும் அவர் இடத்தில் முடிவெடுக்கப்போவது யார்? பெயர் சொல்ல முடியுமா? நான் பார்த்த, கேள்விப்பட்ட பெரும்பாலான இடங்களில் இதற்குப் பதில் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் லீவு பாலிசியில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் அது எச்.ஆர். போர்ட்டலில் கிடக்கும் ஓர் எண், அவ்வளவே.

இந்த வேலையில் பத்தாண்டுக்கு மேல் ஓட்டிவிட்டேன். இப்போது இருக்கும் இடத்தையோ முன்பு இருந்த இடங்களையோ இதில் இழுக்கப்போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை எந்த கேன்டீனில் காதைக் கொடுத்தாலும் இதே பேச்சுதான்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ். என். சுப்ரமணியன் 90 மணி வரை ஏற்றினார். இரண்டு முறையும் ஊரே இரண்டு கட்சியாகி வாதாடியது. அந்த வாதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் மணிக்கணக்கையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வேலை அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஒரு ப்ராடக்ட் மேனேஜர் வாரத்தில் 45 மணி நேரம் மட்டும் லாப்டாப் முன் உட்கார்ந்திருக்கலாம். மிச்சமுள்ள 123 மணி நேரமும் யார் வேண்டுமானாலும் அவரைக் கூப்பிடலாம் என்றால், அவர் ஓய்வில் இருந்தது எத்தனை மணி? டைம்ஷீட்டில் இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

வெளியே இருப்பவர்களுக்கு இந்த வேலையைப் புரியவைப்பதே பெரும்பாடு. நாங்கள் ப்ரோக்ராம் எழுதுவதில்லை, ஸ்க்ரீன் வரைவதில்லை, விற்பதும் இல்லை. எதைக் கட்டுவது, எதை இப்போதைக்குத் தள்ளிவைப்பது, எது முந்தி எது பிந்தி என்று தீர்மானிக்கிறோம். கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் அத்தையைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணம் அவர் வீட்டுக் கல்யாணமாக இருக்காது, சமையலும் அவர் கையில் இல்லை. ஆனால் தாம்பூலப் பை தீர்ந்ததா, முந்திரி இன்னும் இரண்டு கிலோ வேண்டுமா, நாதஸ்வரக்காரருக்குக் காபி போயிற்றா, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தேடுவார்கள். கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார். பாயசம் வருவதற்குள் யாராவது வந்து கூப்பிடுவார்கள்.

எங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியும் சின்னதுதான். 'இந்த ஃபீச்சர் இந்த க்வார்ட்டரில் வருமா, கஸ்டமரிடம் சொல்லிவிடலாமா?' என்று சேல்ஸ். 'டேட்டா இல்லாதபோது இந்த ஸ்க்ரீனில் என்ன காட்டுவது?' என்று என்ஜினியர். 'இது கோளாறா, இல்லை அப்படித்தான் வேலை செய்ய வேண்டுமா?' என்று சப்போர்ட். 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடப் பதிலுக்குப் பின்னால் போன மாதம் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எந்த மாட்யூலைத் தொட்டால் எது ஆடும், எந்தக் கஸ்டமர் கோபத்தில் இருக்கிறார் என்ற மொத்தச் சங்கதியும் தலையில் ஏறியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டன் குழம்போடு உட்கார்ந்தவர் தலையில் ஏற்றிய அந்தச் சுமை, பதில் அனுப்பியதும் இறங்கிவிடாது. சாயங்காலம் வரை கனக்கும்.

கடிகாரத்துக்கு வருவோம். உங்களில் பலருக்கு வருமானத்தில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை ஒன்பது என்றால், அவர்களுடைய கோடைக்காலத்தில் சென்னையில் இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் நமக்கு அது பத்தரை ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரையே. நம் ஊரில் யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை, ஆனாலும் நம் தூக்கம் ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறுகிறது. நியூயார்க் பரவாயில்லை, அங்கே காலை ஒன்பது இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஆனால் ரினியூவலில் முரண்டு பிடிக்கும் பெரிய கஸ்டமர் எப்படியோ மேற்குக் கரையில்தான் வந்து வாய்ப்பார்.

பி.பி.ஓ.க்களில் இல்லாத இரவு வேலையா என்று கேட்பீர்கள். அங்கே இரவு ஷிஃப்ட் என்றால் இரவு ஷிஃப்ட்தான். கேப் வரும், நைட் அலவன்ஸ் வரும், பகலில் யாரும் எழுப்பமாட்டார்கள். உங்கள் நிறுவனத்திலேயே சேல்ஸ் ஆட்கள் மதியத்துக்கு மேல் வருகிறார்கள், என்ஜினியர்கள் காலை பத்து மணிக்கு ஸ்டாண்டப் (அன்றைய வேலையைப் பேசும் சின்னக் கூட்டம்) முடித்து மாலை ஏழுக்குக் கிளம்புகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் ப்ராடக்ட் மேனேஜர். பத்து மணி ஸ்டாண்டப்பும் அவருக்கு, இரவு பத்தரை டெமோவும் அவருக்கு. 'ஃப்ளெக்சிபிள் டைமிங், லேட்டாக வரலாம்' என்று ஆஃபர் லெட்டரிலேயே போட்டிருக்கிறீர்கள். லேட்டாக வந்தால் ஸ்டாண்டப்பில் ஐந்து டிக்கெட் (பதிவான வேலைகள்) பதிலில்லாமல் நிற்கும் என்பதையும் அதன் கீழேயே போட்டிருக்கலாம்.

ஒரு நாளே இப்படியென்றால் ஆண்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. நம் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அமெரிக்க வாடிக்கையாளர்களில் பலருக்கு டிசம்பர் 31. இரண்டுக்கும் தனித்தனியாக 'இயர் எண்ட் புஷ்' உண்டு. பொங்கல் நேரத்தில் அவர்களுக்குப் புத்தாண்டுத் திட்டமிடல். தீபாவளி நேரத்தில், நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்குள் எல்லாவற்றையும் லைவ் ஆக்கிவிட வேண்டும் என்ற பரபரப்பு. சரி, கிறிஸ்துமஸ் வாரத்திலாவது மூச்சுவிடலாம் என்று பார்த்தால், 'டிராஃபிக் கம்மி, மைக்ரேஷனுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது' என்று ஒரு மெயில் வரும். பொங்கலுக்கு முன் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் பாருங்கள். சைடு லோயரில் மடியில் லாப்டாப்பை வைத்து, போன் ஹாட்ஸ்பாட்டில், 'ஆம் ஐ ஆடிபிள்?' என்று கேட்டுக்கொண்டு போகும் ஒருவராவது கண்ணில் படுவார். லீவு அப்ரூவ் ஆனவர்தான் அவரும்.

இதற்கான தீர்வை நீங்கள் வெளியே தேட வேண்டாம். உங்கள் ஆபீசில், பக்கத்து வரிசையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் யாரை எழுப்புவது என்று, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் டெவ்ஆப்ஸ் டீமிடம் ரோட்டா இருக்கிறது. இந்த வாரம் இவர் பிரைமரி, அவர் செகண்டரி. முதல் ஆள் எடுக்கவில்லையென்றால் அழைப்பு தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். எந்த அலர்ட்டுக்கு என்ன செய்வது என்று ரன்புக் எழுதி வைத்திருப்பார்கள். இரவு எழுந்தவர் மறுநாள் தாமதமாக வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கூகுள் தன் சைட் ரிலையபிலிட்டி என்ஜினியர்களுக்கு (சேவை படுத்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்களுக்கு) வைத்திருக்கும் வழக்கத்தை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: ஒருவருடைய வேலை நேரத்தில் ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் உடனே வரும் பொறுப்பு, 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக் கூடாது. தாண்டினால் கோளாறை சிஸ்டத்தில் தேடுவார்கள், ஆளிடம் அல்ல.

இதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. தூக்கம் கெட்டவர் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நேரடி சிஸ்டத்தில், அதாவது ப்ரொடக்‌ஷனில் கைவைத்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட துறை அது. முடிவெடுப்பதும் அப்படியொரு சுமைதான் என்பதை ப்ராடக்ட் பக்கம் நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் எங்களில் ஒவ்வொருவருக்கும் பிரைமரியும் அவரே, செகண்டரியும் அவரே, பன்னிரண்டு மாதமும்.

விலையைப் பற்றிப் பேசியதால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1997-இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதியது. கண்ணும் கையும் ஒத்துழைப்பதைச் சோதிக்கும் தேர்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் உச்சம் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றக் காலை ஆறு மணிக்கு எழுந்த ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்குப் பதினேழு மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்து அழைப்பில்தான் 'கோ ஆர் நோ-கோ?', அதாவது வெளியிடலாமா வேண்டாமா, என்று அவரைக் கேட்கிறோம். இன்வாய்ஸில் வரிக் கணக்கை மாற்றும் ரிலீஸாகக்கூட இருக்கும் அது.

உடம்பு வேறு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணியும் அதற்கு மேலும் செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். இதை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆண்டுக்கொரு முறை மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஏற்பாடு செய்வது அதனால்தான் என்று நினைக்கிறேன். மேலே போகிறேன்.

ஒருவர் பேப்பர் போட்டால் (ராஜினாமா செய்தால்) உங்கள் நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டோ மூன்றோ மாத நோட்டீஸ் பீரியட் ஆரம்பிக்கும். அன்றைக்கே ஒரு கே.டி. ப்ளான் தயாராகும். அவர் தலையில் இருந்ததெல்லாம் டாக்குமென்ட் ஆகும். ரோட்மேப்பில் (அடுத்து என்னென்ன கட்டுவது என்ற திட்டத்தில்) எது ஏன் இருக்கிறது, எந்தக் கஸ்டமருக்கு எந்த வாக்கு, எந்த முடிவு இன்னும் நிலுவையில், எல்லாம் எழுத்தில் வந்துவிடும். பொறுப்பேற்பவர் பெயர் மெயிலில் அறிவிக்கப்படும். கடைசி நாளுக்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடவும் முடியாது. ப்ராடக்ட் செத்துப்போவதும் இல்லை.

பேறுகால விடுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின் முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அப்போதும் ஒழுங்காக ஹேண்டோவர் நடக்கிறது, பெயர் குறித்து ஆள் போடுகிறீர்கள், ஸ்லாக் (ஆபீஸ் மெசேஜ் செயலி) சேனல்களில் இடம் மாற்றுகிறீர்கள். ஆக, 26 வாரம் ஒருவர் இல்லாமல் சமாளிக்கத் தெரிந்த நிறுவனம், தங்கை கல்யாணத்துக்கு ஐந்து நாள் போனவரை மூன்றாம் நாள் முகூர்த்த நேரத்தில் கூப்பிடுகிறது. ஐந்து நாள்தானே என்று யாரும் ஹேண்டோவர் கேட்பதில்லை. நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் கொடுப்பதில்லை. நீண்ட விடுப்பு எடுத்தவருக்குக் கிடைப்பது குறுகிய விடுப்பு எடுத்தவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். ஆனால் வாழ்க்கையில் நமக்கு வாய்ப்பவை பெரும்பாலும் குறுகிய விடுப்புகளே.

சட்டம் காப்பாற்றாதா என்று எங்களில் சிலர் கேட்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்திய ஊர் இது. கேட்பது இயல்புதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்திருக்கிறது. 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தித்தான் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்த கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான பன்னிரண்டு மணி நேர வேலைத் திருத்தம், எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 1947 சட்டத்தின் நான்காம் பிரிவு, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. எங்களுக்குக் கீழே ஆள் கிடையாது, யாரையும் வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ எங்களால் ஆகாது, பத்தாயிரம் ரூபாய் செலவுக்கும் ஒப்புதல் வேண்டும். இருந்தும் சட்டத்தின் கண்ணில் நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால், எச்.ஆர். சொல்லும் பதில் உங்களுக்கே தெரியும்.

வெளிநாடுகளிலிருந்தும் உதாரணம் காட்டுவார்கள். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பு துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து சட்டம். போர்ச்சுகலில் 2021-இல் வந்தது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில். நல்ல சட்டங்கள், நம் ஊருக்கும் வரட்டும். ஆனால் எங்கள் தலைவலியை அவை முழுதாகத் தீர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களைப் பெரும்பாலும் மேலதிகாரி கூப்பிடுவதில்லை. பதில் கிடைக்காமல் நிற்கும் சக ஊழியர்தான் கூப்பிடுகிறார், அவர் மேல் தப்பும் இல்லை. அவருக்கு வேறு யாரிடம் போவதென்று நீங்கள் சொல்லவில்லை. யாருமே கூப்பிடாவிட்டால் நாங்களே ஸ்லாக்கைத் திறந்து பார்க்கிறோம், எங்கே எது நிற்கிறதோ என்று.

இந்த இடத்தில் என் கூட்டாளிகளையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தான் இல்லாவிட்டால் ஓடாது என்பதில் எங்களில் பலருக்கு ஒரு ருசி இருக்கிறது. லீவில் இருந்துகொண்டே பதில் போட்டால் 'செம ஓனர்ஷிப்' என்று ஒரு கைதட்டும் எமோஜி விழும், அப்ரைசலில் அது வரியாக வரும். ப்ராடக்டின் குட்டி சி.இ.ஓ. நீங்கள் என்று இன்டர்வியூவிலேயே எங்களை ஏற்றிவிட்டீர்கள், நாங்களும் ஏறிக்கொண்டோம். ஆனால் ருசியை வளர்த்தது எது? யார் பதவி உயர்வு பெறுகிறார், எதற்காகப் பெறுகிறார் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்குப் பதில் போட்டவர் மேலே போய், தன் டீமை தன்னைக் கேட்காமலே ஓடும்படி பழக்கியவர் அதே இடத்தில் நின்றால், அடுத்த வருடம் எல்லோரும் இரவு ஒரு மணிக்குப் பதில் போடுவார்கள். இது குணக்கேடு அல்ல, கணக்கு.

இதனால் ப்ராடக்டுக்கு வரும் சேதம்தான் உங்களுக்கு உறைக்க வேண்டியது. எப்போதும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பவருக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்காது. முதலில் விழுவது கஸ்டமர் இன்டர்வியூ. அடுத்து, போட்ட ஃபீச்சரை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது. பிறகு ரோட்மேப் என்பது சேல்ஸ் கொடுத்த வாக்குகளின் பட்டியலாகிவிடும். போட்டியாளர் ஒருவர் எங்கோ நிதானமாக உட்கார்ந்து யோசித்து, உங்கள் பத்து ஃபீச்சர் செய்வதை ஒன்றில் செய்து வெளியிடுவார். அன்றைக்கு 'நம்ம பி.எம். (ப்ராடக்ட் மேனேஜர்) டீமுக்கு விஷனே இல்லை' என்று ஒரு ஆஃப்சைட் கூட்டம் போடுவீர்கள், மகாபலிபுரத்து ரிசார்ட்டில், சனி ஞாயிறு பார்த்து.

இனி, செய்யக்கூடியவை. ஹார்வர்ட் பேராசிரியர் லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் நடத்திய சோதனையை 2009-இல் எழுதினார். இருபத்து நான்கு மணி நேரமும் வாடிக்கையாளர் கூப்பிடக்கூடிய தொழில் அது, எங்களுடையதைவிட மோசம். டீமில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் முன்கூட்டியே குறித்த ஒரு நேரம் முழு ஓய்வு. மெயில் பார்க்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்பதல்ல, கட்டாயம். ஆரம்பத்தில் பலர் முரண்டு பிடித்தார்கள். ஆனால் ஒருவர் இல்லாத மாலையில் இன்னொருவர் அவர் வேலையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்ததால், டீமுக்குள் பேச்சு கூடியது, வேலையும் மேம்பட்டது. எனக்கு அதில் பிடித்தது அந்தக் கட்டாயம்தான். விருப்பத்துக்கு விட்டால் எங்களில் யாரும் முதல் ஆளாகப் போகமாட்டோம்.

ஆகவே முதலில் ஒவ்வொரு ப்ராடக்ட் மேனேஜருக்கும் ஒரு மாற்றாளைப் பெயர் சொல்லி வையுங்கள். இன்னொரு பி.எம். ஆக இருக்கலாம், என்ஜினியரிங் லீட் ஆக இருக்கலாம், டிசைனராகக்கூட இருக்கலாம். மெசேஜை வாங்கி வைப்பவராக அல்ல, முடிவெடுப்பவராக. அவர் எடுத்த முடிவை லீவு முடிந்து வந்தவர் உடனே மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'எதற்கும் அவர் வரட்டும்' என்று மாற்றாளும் ஒதுங்குவார், வந்தவர் மேசையில் ஐந்து நாள் வேலையும் சேர்ந்து காத்திருக்கும். லீவு என்பது வேலையைத் தள்ளிப்போடுவது மட்டும்தான் என்று ஆகிவிட்டது இப்படித்தான். இரண்டு நாளுக்கு மேற்பட்ட எந்த லீவுக்கும் ஒரு பக்கத்தில் கே.டி.: நிலுவையில் உள்ள முடிவுகள், என் சாய்வு எந்தப் பக்கம், எந்தக் கஸ்டமரிடம் எதைச் சொல்லக் கூடாது. ரிலீஸுக்கு 'நோ-கோ' எப்போது என்பதைப் பகலில், எல்லோரும் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிட்டால், இரவு பதினொரு மணிக்கு அதைப் படித்துப் பார்க்க யாராலும் முடியும்.

இரவு அழைப்புகளை நிறுத்தச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார், பணம் அங்கிருந்து வருகிறது. வாரத்தில் இரண்டு இரவுகளைக் குறித்து, அமெரிக்கப் பேச்சுகளை அதற்குள் அடக்குங்கள். அதற்கு மறுநாள் காலை ஸ்டாண்டப்பை என்ஜினியரிங் லீட் நடத்தட்டும். ஸ்டாண்டப்புக்கு ப்ராடக்ட் மேனேஜர் தினமும் வேண்டும் என்று எந்த வேதத்திலும் சொல்லவில்லை. பெரிய ரிலீஸ் முடிந்ததும் அடுத்த ஸ்பிரிண்டை (அடுத்த சுற்று வேலையை) மறுநாளே திணிக்காதீர்கள். சிகாகோவின் 37சிக்னல்ஸ், பேஸ்கேம்ப் என்ற ப்ராஜெக்ட் மென்பொருளை உருவாக்கியவர்கள், ஆறு வாரம் கட்டிவிட்டு இரண்டு வாரம் எதையும் திட்டமிட்டு ஒதுக்காமல் விடுகிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. சில்லறைக் கோளாறுகளைச் சரிசெய்கிறார்கள், அடுத்து என்ன என்று யோசிக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு வாரம் வேண்டாம், நான்கு நாள் போதும்.

உண்மையான அவசரங்கள் உண்டு, அதை மறுக்க நான் யார். டேட்டா கசிந்துவிட்டது, பணம் இரண்டு முறை பிடித்தமாகிவிட்டது, சட்டப்படி இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும் என்றால் நள்ளிரவிலும் கூப்பிடுங்கள், வருகிறோம். ஆனால் எவையெல்லாம் அவசரம் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டு ஒட்டிவையுங்கள். 'போர்டு மீட்டிங்குக்கு ஒரு ஸ்லைடு' அந்தப் பட்டியலில் வராது.

ஒரே ஒரு பி.எம். வைத்து ஓட்டும் சின்ன ஸ்டார்ட்டப்புகள் என்ன செய்யும் என்று கேட்கலாம். அங்கே மாற்றாள் நிறுவனரேதான். அந்த பி.எம்.-ஐ வேலைக்கு எடுக்கும் வரை அந்த வேலையை நீங்கள்தானே பார்த்தீர்கள்? ஐந்து நாள் திரும்பப் பார்த்தால், அந்த நாற்காலிக்கு எத்தனை திசையிலிருந்து கேள்வி வருகிறது என்பதும் தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான ப்ராடக்ட் ஆடிட் கிடையாது.

அப்ரைசல் படிவத்திலும் ஒரு வரி சேருங்கள்: 'இவர் லீவில் இருந்தபோது டீம் எத்தனை முறை இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது?' எண் குறையக் குறைய மதிப்பெண் கூடட்டும். படிவத்தில் ஒரு வரி வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் எவ்வளவு சீக்கிரம் திருந்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கேபிஐ (செயல்திறனை அளக்கும் எண்) என்றால் உயிரை விடுகிறவர்கள் நாங்கள்.

மொத்த நிறுவனத்திலும் ஒரே நாளில் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லித்தருவதையே உங்களுக்கும் சொல்கிறேன்: சின்னதாக ஆரம்பித்து, அளந்து பார்த்து, பிறகு விரியுங்கள். ஏப்ரலில் தொடங்கும் காலாண்டில் ஒரே ஒரு டீம். அந்த டீமின் ப்ராடக்ட் மேனேஜரை ஐந்து நாள் லீவில் அனுப்பி, அவருடைய ஸ்லாக்கை ஐ.டி. டீமை விட்டே மூடச் சொல்லுங்கள். அந்த வாரம் எந்த முடிவு நின்றது, எது நிற்காமல் நடந்தது, மாற்றாள் எங்கே திணறினார் என்று குறித்துவையுங்கள். ரெட்ரோவில் (முடிந்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில்) அதை ஒரு மணி நேரம் பேசலாம். அந்த ரெட்ரோவை மட்டும் இரவு பத்தரைக்கு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு ப்ராடக்ட் மேனேஜர்
துரைப்பாக்கம், சென்னை